1 அல்லது 2 என்று மட்டும் அனுப்பவும்

ஜூன் 9

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். எட்டு தடவை போன் பண்ணியிருக்கிறீர்கள். எடுக்க மாட்டேன். நீங்கள் பேச ஆரம்பித்தால் கடைசியில் நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனை வைப்பேன். உங்கள் வாய் அப்படிப்பட்ட வாய். அதை நம்பித்தான் மார்ச் மாதம், ஆட்களுக்குப் போனில் ஷிப்ட் அனுப்புகிற உங்கள் இயந்திரம் என்கிற இந்த வம்பில் தலையைக் கொடுத்தேன். செய்தி அனுப்பிச் சண்டை போடலாமென்றால் அதில் எழுபது எழுத்துக்கு மேல் கொள்ளாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். என் கோபம் அதில் அடங்காது. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். பெட்டியண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டார்.

போன திங்கட்கிழமையோடு சரி. அன்றைக்கு ஹோட்டல் தலையணை உறை முந்நூறையும் தேய்த்து முடித்தார். இஸ்திரிப் பெட்டியின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, ஒயரைச் சுற்றி வைத்தார். கடைச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு நடந்துவிட்டார். "வரேன்மா" என்றுகூடச் சொல்லவில்லை. இந்தச் சலவைக் கடை ஆரம்பித்த நாளில் இங்கே இருந்தது ஒரு வாஷிங் மிஷின், ஒரு பெட்டி, அவர், நான். பதினோரு வருஷத்தில் அந்த மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

யாருக்கும் காரணம் தெரியவில்லை. அப்புறம் துணி மடிக்கிற பெண் தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். "இந்த மாதம் உங்கள் நம்பகத்தன்மை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பாராட்டுகள்! — அம்மா." அவளுக்கு ஒரே பெருமை. பெட்டியண்ணனுக்கும் ஒன்று வந்ததாம், அறுபத்திரண்டு என்று. கீழே அதே 'அம்மா'. நான் எப்போது ஐயா இவர்களுக்கெல்லாம் மார்க் போட்டேன்? நானே பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் அறுபத்திரண்டு வாங்கினதில்லை.

வேண்டாமென்றால் 'நிறுத்து' என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும் என்றீர்கள் அல்லவா? சனிக்கிழமை அனுப்பிவிட்டேன். உங்கள் அண்ணன் வழக்கம்போல என்னிடம் ஒரு பக்கமும் உங்களிடம் ஒரு பக்கமும் தலையாட்டிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு டெலிவரிக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றுதான் வேண்டும். பெட்டியண்ணன் திரும்பி வரவேண்டும்.

அண்ணி

*

ஜூன் 14

அண்ணிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கல்யாணமாகி வந்தபோது நான் அரை டவுசர் பையன். அன்றிலிருந்து இன்றுவரை 'வாடா, போடா, சாப்பிட்டியாடா'தான். கடிதம் முழுக்க நீங்கள், உங்கள், சொன்னீர்கள்! இதற்கு நேரில் வந்து நாலு அறை விட்டிருக்கலாம்.

கோபப்படாமல் கேளுங்கள். என் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது.

நான் என்ன செய்தேன்? வியாழன் சாயங்காலம் உங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் அடுத்த வார ஷிப்ட் போகிறது. வருவதானால் 1, இல்லையென்றால் 2. ரெண்டு என்று போட்டால் காரணம் கேட்கும். சரியான காரணம் வந்தால் லீவு. இரண்டு மணி நேரத்துக்குள் பதிலோ காரணமோ வரவில்லையென்றால் வருகிறார் என்று எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க யார் வருவார், யார் வரமாட்டார் என்று உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வீர்களே, அந்தத் தலைவலி மூன்று மாதமாக ஒழிந்ததா இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

'அம்மா' என்று ஏன் போட்டேன் என்றால், இயந்திரம் கேட்டால் ஒருத்தரும் பதில் போடுவதில்லை. முதல் வாரம் பாதிப் பேர்தான் போட்டார்கள். கடையில் எல்லாரும் உங்களை அம்மா என்றுதானே கூப்பிடுகிறார்கள் என்று அதைப் போட்டுப் பார்த்தேன். மறு வாரமே பத்துக்கு ஒன்பது பேர். உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். நீங்கள் படுக்கை விரிப்பு எண்ணிக்கொண்டிருந்தீர்கள். "ம்" என்றீர்கள்.

பெட்டியண்ணன் கணக்கையும் பார்த்தேன். ஏப்ரலில் ஒரு நாள், மேயில் ஒரு நாள், ஜூனில் ஒரு நாள். மூன்று தடவையும் ரெண்டு என்று போட்டிருக்கிறார், சரியான காரணம் கொடுக்கவில்லை. முதல் இரண்டு தடவை வேலைக்கும் வரவில்லை. அதனால் மார்க் குறைந்தது. இயந்திரத்துக்கு அவர்மேல் என்ன பகையா? காரணத்தைச் சொல்லியிருந்தால் முடிந்தது.

அண்ணி, இந்த டயர் கடை மாடி அறையில் ஒரு மேசை, இரண்டு பழைய போன், கத்துகிற மின்விசிறி ஒன்று, இதை நம்பித்தான் இருந்த வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை ஏழு கடை சேர்ந்திருக்கிறது. இப்போது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற பெரிய ஆலைக்காரர் ஒருவர் கேட்கிறார். நூற்றி நாற்பது ஆள். முதலில் பயன்படுத்திய கடை எது, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன் என்கிறார். அந்த முதல் கடை நீங்கள்தான். அவர் கூப்பிட்டால் நல்லதாக ஒரு வார்த்தை சொல்வீர்களா?

கெஞ்சித்தான் கேட்கிறேன்.

உங்கள் தம்பி

*

ஜூன் 19

தம்பிக்கு,

ஆலைக்காரர் கூப்பிட்டார். என் ஆள் திரும்பி வரட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நான் "ம்" என்றது வாஸ்தவம். எண்ணும்போது யார் என்ன கேட்டாலும் "ம்"தான் சொல்வேன், அது உங்களுக்குத் தெரியாதா? இருந்தாலும் அந்த "ம்" என்னுடையதுதான். அதிலிருந்து நான் நழுவப் போவதில்லை.

உங்களுக்கு நம் கடைப் பலகை ஞாபகம் இருக்குமே. வாரக் கடைசியில் சாக்பீஸால் பேர் பேராக எழுதி வைப்பேன். யாருக்கு எந்த நாள் வர முடியாதோ அவர்கள் அந்த நாளுக்கு நேரே தங்கள் பேரின் மேல் ஈர விரலை வைத்து லேசாகக் கலைத்துவிட்டுப் போவார்கள். வெளுக்கிற இடத்தில் யார் விரல்தான் ஈரமில்லாமல் இருக்கிறது? நான் பார்ப்பேன், வேறு ஆளைப் போடுவேன். யாரும் என் முன்னால் வந்து நின்று "வர முடியாதும்மா" என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. பெட்டியண்ணன் நாலு வருஷமாக மாதத்தில் ஒரு நாள் கலைப்பார். ஒரே நாளும் கிடையாது, ஒரு மாதம் செவ்வாய், ஒரு மாதம் வெள்ளி. எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாது. அது அவர் சொந்த விஷயம். என்னிடம் வேலை செய்கிறார் என்பதற்காக அவர் வீட்டுச் சங்கதியெல்லாம் எனக்கு எதற்கு? இதை நான் ஒரு மரியாதையாகவே வைத்திருந்தேன். நீங்கள் வந்து அதன் தலையில் கல்லைப் போட்டுவிட்டீர்கள்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, மூன்று மாடி ஏறி. கதவைப் பாதிதான் திறந்தார்.

"அண்ணே, போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னேனேம்மா."

"எங்கிட்டயா? எப்போ?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காரணம் என்னன்னு நீங்கதானம்மா கேட்டீங்க. மனசு விட்டுச் சொன்னேன். புரியலைன்னீங்க. திரும்பவும் சொன்னேன். திரும்பவும் புரியலைன்னீங்க. பதினோரு தடவைம்மா. ஒரு தடவை புரியலைன்னா சரி, பதினோரு தடவையா? விடுங்க. நான் வேற இடம் பாத்துக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டார். நான் எதையும் கேட்கவில்லை. அவரும் என்னிடம் எதையும் சொல்லவில்லை. ஆனால் அந்த மனுஷன் பொய் சொல்கிறவர் இல்லை.

டேய், என் பேரைப் போட்டு அவரிடம் என்னடா கேட்டாய்? அவர் என்ன சொன்னார்? நான் என்ன பதில் சொன்னேன்? எல்லாவற்றையும் தோண்டி எடுத்து எனக்கு எழுது.

அண்ணி

*

ஜூன் 24

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் இயந்திரத்தில் பழைய செய்திகளைத் திறந்தேன். முன்பு நான் பார்த்தது கணக்கை மட்டும்தான், 'காரணம் ஏற்கப்படவில்லை' என்ற வரியை மட்டும். ஏன் ஏற்கப்படவில்லை என்று உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

உள்ளே இருப்பதை அப்படியே எழுதுகிறேன். மே 28, வியாழன், சாயங்காலம் ஆறு பத்து.

"செவ்வாய் காலை ஷிப்ட். வருவதானால் 1, இல்லையென்றால் 2. — அம்மா."

அவர்: "2."

"காரணம் என்ன? — அம்மா."

முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு எழுத ஆரம்பித்திருக்கிறார். அந்த இயந்திரம் பதிலில் ஆறு வார்த்தையைத்தான் தேடும். காய்ச்சல், ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு, பரீட்சை, பஸ். இந்த ஆறில் ஒன்று இருந்தால் லீவு கொடுக்கும். இல்லாவிட்டால் ஒரே பதில்தான். "உங்கள் பதில் புரியவில்லை. 1 அல்லது 2 என்று மட்டும் அனுப்பவும். — அம்மா." ஒரு மனுஷன் வேலைக்கு வராமல் போக உலகத்தில் ஆறே ஆறு காரணம்தான் உண்டு என்று முடிவு பண்ணியது நான்தான் அண்ணி. இந்த மேசையில், டீ குடித்துக்கொண்டே, ஐந்து நிமிஷத்தில் முடிவு பண்ணினேன்.

அவர் எழுதியதில் அந்த ஆறும் இல்லை. புரியவில்லை என்று வந்ததும், அம்மாவுக்கு நிஜமாகவே புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் விளக்கமாக எழுதியிருக்கிறார். அதற்கும் புரியவில்லை. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறார். அதற்கும் அதே பதில். இப்படியே எட்டேகால் மணிவரை. பத்தாவது முடிந்தும் புரியாமல் போனதும் பதினோராவதாக ஒரே வார்த்தை அனுப்பியிருக்கிறார். "சரிம்மா."

அதற்கும் இயந்திரம் புரியவில்லை என்றது.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, அந்த அறுபத்திரண்டு போயிருக்கிறது.

படிக்கக்கூடாதது என்று மூன்றாவது செய்தியிலேயே தெரிந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை, முழுக்கப் படித்துவிட்டேன். அது எனக்கு எழுதினதில்லை, உங்களுக்கு எழுதினது. அதனால் என் கையாலேயே ஒரு தாளில் எழுதி, ஒட்டி, இந்த உறைக்குள் இன்னொரு உறையாக வைத்திருக்கிறேன். இயந்திரத்தில் இருந்ததை அழித்துவிட்டேன். பிரிப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

மார்க் போடுவதை ஏழு கடைக்கும் எடுத்துவிட்டேன். காரணம் கேட்பதையும் எடுத்துவிட்டேன். 'இது ஆள் இல்லை, இயந்திரம்' என்று ஒவ்வொரு செய்தியின் கீழேயும் போகும். 1, 2 தவிர யார் எதை எழுதினாலும் அது நேராக அந்தக் கடை முதலாளியின் போனுக்குப் போய்விடும், அவர்தான் படித்துப் பதில் சொல்லவேண்டும். இதை ஆலைக்காரரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நூத்தி நாப்பது பேர் எழுதறதைப் படிக்கிறதுக்கு நான் தனியா ஒரு ஆள் வெக்கணுமே தம்பி! அந்தத் தொல்லை வேணாம்னுதானே உங்க மிஷினைக் கேட்டேன்?" என்றார். மார்க் இல்லாமல் வேண்டாமாம். போய்விட்டார்.

அவர் போனது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த "சரிம்மா" கண்ணை மூடினாலும் போக மாட்டேன் என்கிறது. பெட்டியண்ணனிடம் நான் நேரில் வந்து காலில் விழட்டுமா? சொல்லுங்கள், அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன்.

தம்பி

*

ஜூலை 1

டேய் தம்பி,

பஸ் ஏறாதே. காலிலெல்லாம் விழ வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது.

அவர் வருகிறாரா இல்லையா என்று பார்க்கக் கடைசி வரிக்குத் தாவாதே. உன்னை எனக்குத் தெரியும். வரிசையாகப் படி.

முதலில் உன் சமாச்சாரம். மறுபடியும் எங்கள் கடையைச் சேர்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி இல்லாமல் இருந்தது நிஜம்தான், அதை ஒத்துக்கொள்ள எனக்கென்ன. என் பேரை மட்டும் போடாதே. பக்கத்துத் தெரு மருந்துக் கடைக்காரருக்கும் எதிரில் இருக்கிற அச்சகத்தம்மாவுக்கும் நானே சொல்லியிருக்கிறேன். உனக்குப் போன் பண்ணுவார்கள். பந்தா பண்ணாமல் பேசு.

இப்போது பெட்டியண்ணன்.

உன் உறைக்குள் இருந்த உறையை நான் பிரிக்கவில்லை. கை பரபரத்தது, இருந்தாலும் பிரிக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை கதவு திறந்தே இருந்தது. சாப்பாட்டு மேசைமேல் கம்பளியை விரித்துப் போட்டு, அந்தக் கட்டிடத்துக்காரர்கள் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி முழுக்கச் சட்டை. உட்கார இடமில்லாமல் அரிசி டின் மேல் உட்கார்ந்தேன்.

உறையைக் கொடுத்தேன். "நீங்க எழுதினதுண்ணே. என் கைக்கு இப்பத்தான் வந்தது. நான் படிக்கல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டது இயந்திரம், புரியவில்லை என்றதும் இயந்திரம், மார்க் போட்டதும் அதுதான், எனக்கு எதுவுமே தெரியாது என்று. இதைக் கேட்டதும் மனுஷன் மனசு ஆறிப்போய் "அடடா, அப்படியாம்மா!" என்பார், கூடவே கிளம்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். நல்ல செய்தி கொண்டுபோனதாகவே நினைப்பு எனக்கு.

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

"அப்போ நீங்க கேக்கவே இல்லையாம்மா?" என்றார்.



"நாலு வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். "கலைச்சுட்டுப் போவேன், நீங்க வேற ஆளைப் போட்டுடுவீங்க. புண்ணியவதின்னுதான் நினைச்சேன், இல்லேங்கல. ஆனா நாள் ஆக ஆக, தெரிஞ்சுதான் கேக்காம இருக்காங்களோ, இவன் வீட்டு அசிங்கம் நமக்கு எதுக்குன்னு இருக்காங்களோன்னு தோணிட்டே இருக்கும். ஏப்ரல்ல திடீர்னு காரணம் என்னன்னு வந்தது. கீழ அம்மான்னு போட்டிருந்தது. பயமா இருந்துச்சு, விட்டுட்டேன். மே மாசமும் விட்டுட்டேன். அம்மாவே இத்தனை தடவை கேக்கறாங்களேன்னு மூணாவது மாசம் உக்காந்து எழுதினேன். சந்தோஷமா எழுதினேன்மா."

தம்பி, உன்னை நான் திட்டிய திட்டெல்லாம் அந்த அரிசி டின் மேல் உட்கார்ந்திருந்தபோது என் பக்கம் திரும்பிவிட்டது. கேட்காமல் இருந்ததை நான் மரியாதை என்றேன், உனக்குப் பெருமையாக எழுதினேன். மரியாதைதான், இல்லையென்று இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் பாதி மரியாதை, மீதி நமக்கெதற்கு என்கிற எண்ணம். கேட்டுவிட்டால் அப்புறம் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே. அந்தப் பயம் எனக்கு இருந்தது.

"இதை நான் வெச்சுக்கவா, கிழிச்சுடவா?" என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குத்தானேண்ணே எழுதினீங்க, குடுங்க" என்று கையை நீட்டினேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். அவர் எதிரிலேயே பிரித்துப் படித்தேன். நீ படித்ததுதான். மகன் ஜெயிலில் இருப்பது, எந்தச் சண்டையில் என்ன ஆயிற்று என்பது, பார்க்க விடுகிற நாளை ஒவ்வொரு மாதமும் அவர்கள் மாற்றி மாற்றிச் சொல்வது, ஒரு மாதம் தவறவிட்டால் அடுத்த மாதம்தான் என்பது. 'உங்ககிட்ட மறைக்கணும்னு இல்லம்மா' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார். உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். நான் படித்து முடிக்கும்வரை அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார்.

மன்னிப்புக் கேட்கலாம், ஐயோ பாவம் எனலாம். அதெல்லாம் வாய்க்கு வந்தது, சொல்லப் பிடிக்கவில்லை. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன்.

அவர் சன்னலிலிருந்து திரும்பவில்லை.

"இளைச்சுட்டான்மா" என்றார்.

அப்புறம் பேசினார் பார். நாலு வருஷப் பேச்சையும் அன்று மத்தியானமே பேசினார். பெட்டி ஆறிப்போயிற்று, இரண்டு பேர் வந்து துணியைக் கேட்டுவிட்டுப் போனார்கள், அவர் நிறுத்தவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. அவர் சொன்னதையெல்லாம் உனக்கு எழுத மாட்டேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக, இத்தனை நாள் நான் தேய்த்து வைத்திருந்த தலையணை உறைகளைப் பார்த்து, "இதையா ஹோட்டலுக்கு அனுப்பினீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார். சாயங்காலம் போகும்போது மேசை அருகில் நின்று, "அடுத்த மாசம் எந்த நாள்னு தெரிஞ்சதும் நானே வந்து சொல்லிடறேன், நீங்க கேக்க வேணாம்மா" என்றார்.

"இல்லண்ணே, நான் கேக்கறேன்" என்றேன்.

அண்ணி